மது, போதைப்பொருள் சோதனை

மது, போதைப்பொருள் சோதனை என்பது ஒருவரின் மூச்சு, குருதி, சிறுநீர், உமிழ்நீர், முடி ஆகியவற்றுள் ஒன்றை ஆய்ந்து, அவர் உடலில் மதுவோ பிற போதைப்பொருளோ உள்ளதா, உள்ளதெனில் எவ்வளவு உள்ளது என்று அறியும் முறை ஆகும். சாலைப் பாதுகாப்பு, வானூர்தி மற்றும் தொடர்வண்டிப் போக்குவரத்து, விளையாட்டு, மருத்துவம், குற்றப் புலனாய்வு, வேலைவாய்ப்பு ஆகிய துறைகளில் இது பயன்படுத்தப்படுகிறது.

இச்சோதனைகள் இருவேறு கேள்விகளுக்கு விடை தருவன. "இவர் இப்போது போதையில் இருக்கிறாரா?" என்பது ஒன்று. "இவர் அண்மையில் எப்போதாவது இப்பொருளை உட்கொண்டாரா?" என்பது மற்றொன்று. மதுவுக்கான மூச்சுச் சோதனையும் குருதிச் சோதனையும் முதற்கேள்விக்கு ஓரளவு விடை தரும். போதைப்பொருளுக்கான சிறுநீர்ச் சோதனையோ இரண்டாம் கேள்விக்கு மட்டுமே விடை தரும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் இச்சோதனைகள் பற்றிய ஐயங்களும் தவறான நம்பிக்கைகளும் பெரும்பாலும் எழுகின்றன.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் கூலியை வாரந்தோறும் சனிக்கிழமை வழங்கும் வழக்கம் பரவலாக உள்ளது. பல்லடம் சாலையை ஒட்டிய வீரபாண்டி போன்ற பகுதிகளில் பணியாட்களை ஏற்றிச் செல்லும் நிறுவன வேனின் ஓட்டுநர், சாயப்பட்டறையில் கொதிகலன் இயக்குபவர், துணி வெட்டும் எந்திரத்தில் நிற்பவர் ஆகியோருக்கு இச்சோதனை பிழைப்போடு தொடர்புடையது. ஓர் எண் அவர்களது ஓட்டுநர் உரிமத்தையும், காப்பீட்டையும், காயத்துக்கான இழப்பீட்டையும் தீர்மானிக்கக்கூடும்.

உடலில் மது

பருகும் மதுவில் உள்ள போதைப்பொருள் எத்தனால் ஆகும். இது செரிமானம் ஆக வேண்டிய தேவையின்றி இரைப்பை, சிறுகுடல் ஆகியவற்றின் சுவர் வழியே நேரடியாகக் குருதியில் கலக்கிறது. வெறும் வயிற்றில் விரைவாகவும், உணவுக்குப்பின் மெதுவாகவும் கலக்கும். அருந்தி முடித்த அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் குருதியில் அதன் அளவு உச்சத்தை அடையும். ஆகவே அருந்திய உடனே வண்டியை எடுப்பவரின் அளவு, வழியில் செல்லச் செல்ல ஏறிக்கொண்டே இருக்கும்.

குருதியில் உள்ள எத்தனாலின் அளவு இந்தியாவில் 100 மில்லிலிட்டர் குருதிக்கு எத்தனை மில்லிகிராம் என்று கூறப்படுகிறது. சுவீடன் நாட்டு அறிவியலாளர் எரிக் விட்மார்க் வகுத்த வாய்பாட்டைக் கொண்டு இதனைத் தோராயமாகக் கணக்கிடலாம். அருந்திய எத்தனாலின் எடையை, உடல் எடையையும் ஒரு மாறிலியையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். இம்மாறிலி ஆண்களுக்கு ஏறத்தாழ 0.68, பெண்களுக்கு ஏறத்தாழ 0.55 ஆகும்.

எடுத்துக்காட்டாக, 60 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் "குவார்ட்டர்" எனப்படும் 180 மில்லிலிட்டர் பிராந்தியை அருந்துவதாகக் கொள்வோம். இந்தியாவில் விற்கப்படும் இவ்வகை மதுவில் பொதுவாக 42.8 விழுக்காடு எத்தனால் உள்ளது. அதாவது 77 மில்லிலிட்டர். எடையில் ஏறத்தாழ 61 கிராம். இதனை 60 × 0.68 ஆல் வகுத்தால், குருதியில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் என்று வரும். இது சட்டம் விதித்துள்ள 30 மில்லிகிராம் வரம்பைப் போல் ஐந்து மடங்கு. 650 மில்லிலிட்டர் பீர், 5 விழுக்காடு உடையதாயினும், ஏறத்தாழ 63 மில்லிகிராம் அளவை உண்டாக்கும். "பீர்தானே" என்று சொல்வோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

உட்சென்ற எத்தனாலில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியைக் கல்லீரலே சிதைக்கிறது. குருதியில் உள்ள அளவு மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் என்ற வீதத்தில் குறைகிறது. ஆளுக்கு ஆள் இது 10 முதல் 20 வரை இருக்கும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 150 என்பது 30 ஆகக் குறைய எட்டு மணி நேரம் வேண்டும். முற்றிலும் நீங்கப் பத்து மணி நேரம் வேண்டும். இரவு 10 மணிக்குக் குவார்ட்டர் அருந்தி, நன்றாக உறங்கி, காலை 6 மணிக்குக் குளித்து முடித்து வேனை எடுக்கும் ஓட்டுநர், தாம் தெளிவாக இருப்பதாகவே உணர்வார். ஆயினும் அவர் சட்ட வரம்பின் விளிம்பில்தான் நிற்கிறார். அவர் அருந்தியது சற்றுக் கூடுதல் என்றாலோ, கல்லீரல் மெதுவாக வேலை செய்தாலோ, காலைச் சோதனையில் சிக்குவது உறுதி. "நேற்றுக் குடித்தது" என்பது சட்டத்தின் முன் விடை ஆகாது. சோதனை நடக்கும் வேளையில் குருதியில் உள்ள அளவே கணக்கில் கொள்ளப்படும்.

மூச்சுச் சோதனைக் கருவி

குருதியில் உள்ள எத்தனாலின் ஒரு சிறு பகுதி நுரையீரலின் காற்றறைகளில் ஆவியாகி வெளிமூச்சில் கலக்கிறது. 2,100 மில்லிலிட்டர் ஆழ்மூச்சில் உள்ள எத்தனாலும் 1 மில்லிலிட்டர் குருதியில் உள்ள எத்தனாலும் சமம் என்ற விகிதத்தின் அடிப்படையில் கருவிகள் கணக்கிடுகின்றன. இதன்படி 30 மில்லிகிராம் என்ற குருதி வரம்பு, ஒரு லிட்டர் மூச்சில் ஏறத்தாழ 0.14 மில்லிகிராம் எத்தனாலுக்கு இணையானது. இவ்விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலோருக்கு அது 2,100-ஐ விடச் சற்று அதிகம் என்பதால், கருவி உண்மையான அளவை விடச் சற்றுக் குறைத்தே காட்டுவது வழக்கம்.

1927 இல் அமெரிக்க மருத்துவர் எமில் போகன் காற்பந்தின் உட்பையில் மூச்சைப் பிடித்து ஆய்ந்த முறையை வெளியிட்டார். 1930களில் ரோலா ஹார்கர் உருவாக்கிய கருவி காவல்துறையின் பயன்பாட்டுக்கு வந்தது. 1954 இல் இண்டியானா மாநிலத்தின் இராபர்ட் போர்க்கென்சுடைன் எளிதில் எடுத்துச் செல்லத்தக்க கருவியை உருவாக்கினார். இதில் செம்மஞ்சள் நிறப் பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசல் எத்தனாலுடன் வினைபுரிந்து பச்சையாக மாறும். அந்நிற மாற்றத்தை ஒளிமின்கலம் அளவிடும்.

இன்று காவலர் கையில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை எரிபொருள் கலத்தைக் கொண்டவை. பிளாட்டின மின்வாயில் எத்தனால் ஆக்சிசனேற்றம் அடையும்போது உண்டாகும் மின்னோட்டம் எத்தனாலின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நீரிழிவு நோயாளிகளின் மூச்சில் காணப்படும் அசிட்டோன் இக்கருவியைப் பாதிப்பதில்லை. மலிவு விலையில் கடைகளில் கிடைக்கும் குறைகடத்திக் கருவிகள் அவ்வாறல்ல. அவை அசிட்டோன், பெட்ரோல் ஆவி, அச்சுப்பட்டறைகளிலும் துணியின் கறை நீக்கும் பிரிவுகளிலும் பயன்படும் கரைப்பான்களின் ஆவி ஆகியவற்றுக்கும் எதிர்வினை காட்டக்கூடும். ஆலை வாயிலில் சோதனை நடத்த விரும்பும் நிறுவனம் எவ்வகைக் கருவியை வாங்குகிறது என்பது இதனால் முக்கியத்துவம் பெறுகிறது. எவ்வகைக் கருவியாயினும் உற்பத்தியாளர் குறிப்பிடும் கால இடைவெளியில் அளவுத்திருத்தம் செய்யப்பட வேண்டும். அளவுத்திருத்தம் செய்யாத கருவி காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை.

வாடையிலிருந்து எண்ணுக்கு

மது அருந்தியவரை அறிய நெடுங்காலம் மருத்துவரின் மூக்கும் கண்ணுமே கருவிகளாக இருந்தன. வாயில் வாடை, தள்ளாடும் நடை, விரிந்த கண்மணி, குழறும் பேச்சு என்று சான்றிதழில் எழுதப்படும்.

இதன் குறைபாடு பம்பாய் மாநிலத்தில் வெளிப்பட்டது. 1951 இல் பம்பாயின் கொலாபாப் பகுதியில் ஜீப் மோதி மூவர் காயமடைந்தனர். ஓட்டியவரின் வாயில் மது வாடை இருந்ததாக மருத்துவர் கூறினார். தாம் அருந்தியது எத்தனால் கலந்த ஒரு மருந்து என்று அவர் வாதிட்டார். பெஹ்ராம் குர்ஷித் பெசிகாகா எதிர் பம்பாய் மாநிலம் எனப்படும் இவ்வழக்கில் 1954 இல் உச்ச நீதிமன்றம் மதுவிலக்குச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கியது. தடைசெய்யப்பட்ட மதுவை அருந்தினார் என்பதை அரசுத் தரப்பே மெய்ப்பிக்க வேண்டும். வாடை மட்டும் போதாது என்பது இதன் விளைவு. பின்னர் 1959 இல் பம்பாயில் குருதிச் சோதனைக்கான விதிகள் இயற்றப்பட்டன. 0.05 விழுக்காட்டுக்குக் குறையாத அளவு குருதியில் காணப்பட்டால், அருந்தியது மருந்தே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவரைச் சார்ந்தது என்றானது. பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கில் 1971 இல் உச்ச நீதிமன்றம், வாடை, தள்ளாட்டம், குழறல் ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒருவர் மது அருந்தினார் என்று முடிவு செய்ய முடியாது என்று கூறியது.

தமிழகத்தில் மதுவிலக்கு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் இராசகோபாலாச்சாரியின் அரசால் தொடங்கப்பட்டது. வேதியியல் ஆய்வில் தமிழகத்துக்கு இதனினும் பழைய வரலாறு உண்டு. சென்னையில் அரசு வேதியியல் ஆய்வாளர் பதவி 1849 இலேயே ஏற்படுத்தப்பட்டது. இன்றைய தடய அறிவியல் துறையின் தோற்றுவாய் அதுவே. இத்துறையின் வட்டார ஆய்வகங்களுள் ஒன்று கோயம்புத்தூரில் உள்ளது.

இந்தியச் சட்டத்தில்

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185 ஆம் பிரிவு குடித்துவிட்டு வாகனம் ஓட்டுதலைக் குற்றமாக்குகிறது. தொடக்கத்தில் குருதியில் எவ்வளவு சிறிய அளவு மது இருந்தாலும் குற்றம் என்றிருந்தது. 1994 ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் என்று மாற்றியது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதற்குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ 15,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ ஆகும். மூச்சுக் கருவி மட்டுமன்றி ஆய்வகச் சோதனை உள்ளிட்ட பிற சோதனைகளும் இத்திருத்தத்தால் ஏற்கப்பட்டன.

போதைப்பொருளைப் பொறுத்தவரை இதே பிரிவு எந்த எண்ணையும் கூறவில்லை. வாகனத்தை உரியவாறு கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு ஒருவர் போதைப்பொருளின் வயப்பட்டிருந்தால் குற்றம் என்று மட்டுமே கூறுகிறது.

சாலையில் நிறுத்தப்படுபவர் அறிய வேண்டிய பிரிவுகள் 202 முதல் 205 வரையானவை. மது அருந்தியிருப்பார் என்று ஐயுற நியாயமான காரணம் இருந்தால், சீருடையில் உள்ள காவல் அலுவலர் ஓட்டுநரை அவ்விடத்திலோ அருகிலோ ஊதச் சொல்லலாம். கருவி மதுவைக் காட்டினாலோ, ஓட்டுநர் ஊத மறுத்தாலோ, கைது செய்து குருதி மாதிரி கேட்கலாம். கைது செய்யப்பட்டவர் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். பெண்ணிடம் ஆண் மருத்துவர் மாதிரி எடுப்பதாயின் மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும்.

மறுத்தால் தப்பலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தக்க காரணமின்றி மறுப்பது, அரசுத் தரப்புச் சான்றுக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாகக் கொள்ளப்படலாம் என்று 205 ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே மறுப்பவர் தமக்குச் சாதகமாக அமைந்திருக்கக்கூடிய ஒரே சான்றைத் தாமே விலக்கிக்கொள்கிறார் எனலாம். உடற்சான்று எடுப்பது தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவது ஆகாது என்ற நிலைப்பாடு 1961 ஆம் ஆண்டு காத்தி காலு ஓகத் வழக்கிலிருந்து நிலைபெற்றுள்ளது.

185 ஆம் பிரிவு, காவலரிடமே தொகை செலுத்தி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. வழக்கு நீதிமன்றத்துக்குச் செல்லும். குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்று 188 ஆம் பிரிவு கூறுகிறது. இதனடிப்படையில் 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்த ஓட்டுநருடன் பயணிப்போர் மீதும் வழக்குத் தொடரத் தொடங்கியது. அபராதத்தைக் காட்டிலும் பெரிய இழப்பு காப்பீட்டில் நேரலாம். 2021 ஏப்ரலில் இப்கோ டோக்கியோ எதிர் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில், சோதனை எதுவும் எடுக்கப்படாத நிலையிலும் ஓட்டுநர் மதுவின் வயப்பட்டிருந்தார் என்பதைப் பிற சான்றுகளால் நிறுவிக் காப்பீட்டு நிறுவனம் தொகையை மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோதனை எடுக்காதது எப்போதும் ஓட்டுநருக்கு நன்மையே என்று கொள்வதற்கில்லை.

பரவலான ஐயங்கள்

கிராம்பு, வெங்காயம், வெற்றிலை, காபி, எலுமிச்சைச் சாறு ஆகியவை கருவியை ஏமாற்றுமா என்பது மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. இவை வாடையை மறைக்கலாம். கருவி வாடையை முகர்வதில்லை. அது அளப்பது நுரையீரலின் அடியிலிருந்து வரும் எத்தனாலை. குளிர்ந்த நீரில் குளிப்பதும், வாந்தி எடுப்பதும், மோர் குடிப்பதும் ஏற்கெனவே குருதியில் கலந்ததைக் குறைக்கா. காலம் ஒன்றே அதைக் குறைக்கும்.

மது அருந்தாதவரைக் கருவி பிடிக்குமா என்பது இதனினும் முக்கியமான கேள்வி. பிடிக்கக்கூடும், ஆனால் சில நிமிடங்களுக்கு மட்டுமே. எத்தனால் கலந்த வாய் கொப்பளிக்கும் நீர்மம், இருமல் மருந்து, தசமூலாரிட்டம் போன்ற அரிட்டங்களும் ஆசவங்களும், ஓமியோபதித் துளிகள் ஆகியவை வாயில் எத்தனாலை விட்டுச்செல்கின்றன. இதனை வாய்மது எனலாம். வாய்மது ஏறத்தாழ 15 நிமிடத்தில் நீங்கிவிடும். எனவே 15 முதல் 20 நிமிடம் எதையும் உண்ணாமல், பருகாமல் காத்திருந்து இரண்டாம் முறை ஊதுவதே சரியான நடைமுறை. முதல் எண் இரண்டாம் முறை சுழியாக வீழ்ந்தால் அது வாய்மது. ஏறத்தாழ அதே அளவில் நின்றால் குருதியில் உள்ள மது.

2025 சூலையில் கேரளத்தின் பந்தளத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பணிக்கு வந்த ஊழியர்கள் சிலர் தாங்கள் குடிக்கவில்லை என்று உறுதியாகக் கூறியும் கருவி மது இருப்பதாகக் காட்டியது. அவர்கள் அனைவரும் நன்கு பழுத்த பலாச்சுளை உண்டிருந்தனர். மது அருந்தாத ஒருவரை முதலில் ஊதச் செய்தபோது கருவி எதையும் காட்டவில்லை. பலாச்சுளை உண்டபின் ஊதச் செய்தபோது காட்டியது. மிகையாகப் பழுத்த பழத்தில் சர்க்கரை நொதித்துச் சிறிது எத்தனால் உண்டாவதே காரணம். அங்கே ஐயத்தைத் தீர்க்க ஒரு பலாப்பழமும் சிறிது பொறுமையும் போதுமானதாக இருந்தன.

பழைய சோற்றின் நீராகாரத்துக்கும் இவ்விளக்கமே பொருந்தும். சுண்ணாம்பு இட்டு இறக்கிய பதநீரில் நொதித்தல் தடுக்கப்படுகிறது. கள் வேறு, அதில் பீருக்கு இணையான எத்தனால் உண்டு. தமிழகத்தில் கள் இறக்குவதற்கு 1987 முதல் தடை உள்ளது.

வானூர்திப் பணியாளர்க்கு இச்சலுகை ஏதும் இல்லை. பறப்புக்கு முன் 12 மணி நேரம் மது அருந்தக் கூடாது. கருவி சுழியே காட்ட வேண்டும். 2023 இல் இந்திய வானூர்திப் போக்குவரத்து இயக்குநரகம், எத்தனால் கலந்த வாய் கொப்பளிக்கும் நீர்மத்தையும் பற்பசைக் கூழையும் கூடப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்தது.

குருதி மாதிரியிலும் பிழை நேர வாய்ப்புண்டு. ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் கொண்டு துடைக்கக் கூடாது. மாதிரிப் புட்டியில் சோடியம் புளோரைடு இடாவிட்டால், வெப்பத்தில் நுண்ணுயிர்கள் குருதியின் சர்க்கரையை எத்தனாலாக மாற்றக்கூடும். மருத்துவமனை ஆய்வகங்கள் முழுக்குருதிக்குப் பதிலாகக் குருதித் தெளியத்தில் அளவிடுவது உண்டு. தெளியத்தில் நீர் அதிகம் என்பதால் எண் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலாக வரும். 33 என்று வரும் தெளிய அளவு, முழுக்குருதியில் 30-க்கும் கீழே இருக்கக்கூடும். அறிக்கையைப் பெறுபவர் முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

மெத்தனால்

எரிபொருள் கலக் கருவி எத்தனாலையும் மெத்தனாலையும் பிரித்தறியாது. இரண்டுக்கும் மின்னோட்டம் உண்டாகும். மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பையும் பின்னர் உயிரையும் அழிக்கும். அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தெரியும். உடன் எத்தனாலும் அருந்தியிருந்தால் இன்னும் தாமதமாகும். 2024 சூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. 2023 மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும் இத்தகைய சாவுகள் நேர்ந்தன.

மெத்தனாலை உறுதிசெய்வது வாயு வண்ணப்பிரிகைச் சோதனை. அவ்வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. அவ்வாறான இடத்தில் குருதியின் அமிலத்தன்மையை அளக்கும் சோதனையே மருத்துவருக்கு வழிகாட்டும். கண் மங்குகிறது, பனிமூட்டம் போலத் தெரிகிறது என்று குடித்தவர் கூறினால், முடிவுக்குக் காத்திராமல் மருத்துவம் தொடங்கப்பட வேண்டும். மாற்று மருந்தாக போமெபிசோலோ, அது கிடைக்காதவிடத்து மருத்துவர் கண்காணிப்பில் எத்தனாலோ தரப்படுகிறது. வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டில் கிடப்பது உயிரிழப்பைக் கூட்டும் காரணங்களுள் ஒன்று.

போதைப்பொருள் சோதனை

பிற போதைப்பொருள்களுக்கு மிகுதியாகப் பயன்படுவது சிறுநீர்ச் சோதனை. இது இரு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில், குறிப்பிட்ட பொருளுடன் பிணையும் எதிர்ப்பொருள் பூசிய பட்டையைச் சிறுநீரில் நனைப்பர். சில நிமிடங்களில் கோடு தோன்றும் அல்லது தோன்றாது. இது விரைவானது, மலிவானது. ஆனால் வேதியமைப்பில் ஒத்த வேறு மருந்துகளுக்கும் ஏமாறக்கூடியது. இரண்டாம் கட்டத்தில், வாயு வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் இணைந்த கருவி பொருளைத் தனித்து அடையாளம் காணும். பட்டைச் சோதனை ஐயத்தை எழுப்புவது மட்டுமே. அதனை மட்டும் கொண்டு ஒருவரை வேலையிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ நீக்குவது அறிவியலுக்கு ஒவ்வாதது.

பொருள் எத்தனை நாள் தெரியும் என்பது பொருளையும் பழக்கத்தையும் பொறுத்தது. ஒருமுறை புகைத்த கஞ்சா சிறுநீரில் சில நாட்கள் தெரியும். நாள்தோறும் புகைப்பவரிடம், அது கொழுப்பில் சேர்ந்திருப்பதால், நிறுத்திய பின்னும் ஒரு மாதம் வரை தெரியக்கூடும். ஹெராயின், மெத்தாம்பெட்டமின், கோக்கெயின் ஆகியவை இரண்டு முதல் நான்கு நாட்கள். முடியின் அடியிலிருந்து ஏறத்தாழ 4 செண்டிமீட்டர் நீளம் கடந்த மூன்று மாத வரலாற்றைக் காட்டும். கஞ்சாவுக்குச் சிறுநீரில் முடிவு வந்தால் அவர் அப்போது போதையில் இருந்தார் என்று பொருளன்று.

கசகசா இங்குத் தனியே குறிப்பிடத்தக்கது. குருமாவிலும் பாயசத்திலும் சேர்க்கப்படும் கசகசா அபினிச் செடியின் விதை. விதையில் போதை இல்லை. ஆயினும் மேற்புறத்தில் ஒட்டிய பாலில் மார்பீனும் கோடீனும் சிறிதளவு உண்டு. இதனால் உண்டவரின் சிறுநீர், அபினி வகைச் சோதனையில் சிக்கக்கூடும். அமெரிக்காவின் கூட்டரசு வேலையிடச் சோதனையில் அபினி வகைக்கான வரம்பு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-ஆக 1998 இல் உயர்த்தப்பட்டதற்கு இதுவே காரணம். வளைகுடா நாடுகள் சிலவற்றில் கசகசா வைத்திருப்பதே குற்றம் என்பதால், அங்கு வேலைக்குச் செல்வோர் மசாலாப் பொட்டலத்தையும் சோதித்துக்கொள்வது நல்லது.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. தமிழகத்தில் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்படும் வலி நீக்கி மாத்திரைகளுள் டபென்டடால் ஒன்று. இது செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. வேதியமைப்பில் மார்பீனை ஒத்ததன்று. எனவே வழக்கமான அபினி வகைப் பட்டை இதனைக் காட்டாது. மகனின் நடத்தையில் ஐயமுற்ற பெற்றோர் மருந்துக்கடைப் பட்டையை வாங்கிச் சோதித்து "ஒன்றுமில்லை" என்று அமைதியடைவது, எந்தப் பொருளுக்கான பட்டை என்பதை அறியாத நிலையில் பயனற்றது.

1985 ஆம் ஆண்டு போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தின் 27 ஆம் பிரிவின்படி உட்கொள்வதும் குற்றம். ஆயினும் அடிமைப்பட்ட ஒருவர் தாமே முன்வந்து அரசு அல்லது அரசு ஏற்ற நிறுவனத்தில் மருத்துவம் மேற்கொண்டால், சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து விலக்குப் பெற 64அ பிரிவு வழி செய்கிறது. இப்பிரிவு மக்களிடையே போதுமான அளவு அறியப்படவில்லை.

சிங்கப்பூரில் முதற்கட்டச் சோதனைக்குப்பின் சிறுநீரை இருவர் தனித்தனியே ஆய்ந்து உறுதிசெய்ய வேண்டும். அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டிருந்தாலும் தண்டிக்கப்படுவர். சாலையில் மதுவுக்கான வரம்பு அங்கு 80 மில்லிகிராம். மலேசியா தன் வரம்பை 2020 இல் 80-லிருந்து 50-ஆகக் குறைத்தது.

வேலையிடத்தில்

வானூர்தி நிலையங்களில் 2022 சனவரி 31 முதல் பணியாளரிடையே முன்னறிவிப்பற்ற போதைப்பொருள் சோதனை நடைமுறையில் உள்ளது. தொடர்வண்டி ஓட்டுநர்கள் பணியேற்கும்போது ஊதிக் காட்டுகின்றனர். ஆடை ஆலை போன்ற தனியார் தொழிலகங்களுக்கு இத்தகைய தனிச்சட்டம் இல்லை. வெளிநாட்டுக் கொள்முதலாளர்களின் பாதுகாப்பு நெறிகளை ஒட்டியும், நிறுவனத்தின் நிலையாணைகளின்படியும் சோதனை நடத்தப்படுகிறது. அந்நிலையில் தொழிலாளியின் ஒப்புதல், இரண்டாம் சோதனை, முடிவை எழுத்தில் பெறுதல் ஆகியவற்றை நிறுவனமே வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

விபத்தின்போது இது கூர்மையடைகிறது. 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2020 ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும், விபத்து நேரடியாக மது அல்லது போதைப்பொருளின் வயப்பட்டிருந்ததால் நேர்ந்திருந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று கூறுகின்றன. ஆனால் இவ்விலக்கு சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் பொருந்தாது. மேலும் "நேரடியாக" என்ற சொல் இங்கு முக்கியமானது. துணி வெட்டும் எந்திரத்தின் காப்புத் தகடு கழற்றப்பட்டிருந்ததால் விரல் வெட்டுண்டது எனில், முந்தைய இரவின் மது குருதியில் எஞ்சியிருந்தது என்பது மட்டும் விலக்குக்குப் போதாது. விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் "மது வாடை" என்று எழுதும் இரு சொற்களே பின்னாளில் வழக்கின் மையமாகின்றன. காயமுற்றவர் மது அருந்தவில்லை எனில், அவரோ உடன் சென்றவரோ அப்போதே குருதிச் சோதனை கேட்டு, மாதிரி எடுத்த நேரத்தைக் குறிப்பேட்டில் பதியச் செய்ய வேண்டும். சில மணி நேரம் கழிந்தபின் எடுக்கும் சோதனை, இல்லாத மதுவை இல்லை என்று மெய்ப்பிக்கப் பயன்படாது.